கல்லடியில் நிறுத்தி வைத்த காருக்கு டோட்டல் லொஸ்: ஒரு கிளெய்ம் நடந்த விதம்

நிறுத்தி வைத்திருந்த காரை இன்னொரு வாகனம் வந்து அடித்தால், யார் பிழை என்று தீர்மானிக்க அதிக நேரம் போகாது. நேரம் போவது விலையில்தான். 2025 ஜூனில் எங்கள் அத்தானின் கார் மட்டக்களப்பு, கல்லடியில் அடிபட்டது. நட்டஈடு கைக்கு வர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. பிழையைப் பற்றிய பேச்சு முதல் இரண்டு வாரத்திலேயே முடிந்துவிட்டது. மிச்ச நாளெல்லாம் ஒரே கேள்வி: அடிபடுவதற்கு முந்திய நிமிடம் அந்தக் காரை விற்றிருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும்? காப்புறுதி நிறுவனம் முதலில் சொன்ன விலைக்கும் கடைசியில் ஒத்துக்கொண்ட விலைக்கும் ஐந்தரை இலட்சம் ரூபா வித்தியாசம்.

நான் லீசிங் துறையில், அதாவது தவணை முறையில் வாகனம் எடுத்துக் கொடுக்கும் துறையில், பல வருடம் வேலை செய்தவன். அதனால் இந்தக் கோப்பை ஆரம்பத்திலிருந்தே நான்தான் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் காப்புறுதி நிறுவனத்தின் கிளையிலிருந்து சொல்லப்படும் முதல் விலையை முடிந்த முடிவாக எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த விலை எப்படி வந்தது என்று கேட்டால் என்ன நடக்கும் என்பதைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது

அத்தான் பாடசாலை ஆசிரியர். கார் 2015ஆம் ஆண்டின் மாருதி சுசுகி அல்டோ 800. 2023இல் லீசிங்கில் எடுத்தார். ஃபுல் இன்சூரன்ஸ், அதாவது சொந்தக் காரின் சேதத்துக்கும் சேர்த்துப் போடும் காப்புறுதி. புதுப்பிக்கும்போதெல்லாம் முகவர் சொல்லும் தொகையையே போட்டு வந்ததால், கடைசிப் பொலிசியில் காப்புறுதித் தொகை 34 இலட்சமாக இருந்தது.

வீட்டு வாசலில் வடிகான் வெட்டிப் போட்டிருந்தார்கள். உள்ளே ஏற்ற வழியில்லாமல் கார் சில இரவுகளாகப் பிரதான வீதியோரம் நின்றது. அது ஏ4 வீதி. கொழும்பிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று சுற்றிக்கொண்டு மட்டக்களப்புக்கு வருவது. இரவிலும் லொறி ஓயாத பாதை. விடியப்புறம், வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு தெற்கே போன கூலர் லொறி ஒன்றின் சாரதி கண்ணயர்ந்துவிட்டார். லொறி அல்டோவின் பின்பக்கத்தில் மோதி, அதைத் தள்ளிக்கொண்டு போய் மின்கம்பத்தில் சாத்தியது. யாருக்கும் காயமில்லை. சாரதி ஓடவில்லை, இறங்கி வந்து கேற்றைத் தட்டியதே அவர்தான்.

அப்போது அக்கா செய்த ஒரு வேலை பிறகு பெரிய உதவியாக இருந்தது. காரை யாரும் அசைக்க முதல் தன் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். காரை மட்டும் எடுக்கவில்லை. வீதியின் ஓரத்தில் ஓடும் வெள்ளைக் கோட்டையும், கார் முதலில் நின்ற இடத்தில் கிரவல் மண்ணில் பதிந்திருந்த டயர்த் தடத்தையும், அதன் மேலே சிதறிக் கிடந்த பின்கண்ணாடித் துண்டுகளையும் ஒரே படத்தில் வரும்படி எடுத்திருந்தார். டயர்த் தடம் கோட்டுக்கு வெளியே, மண்ணில், ஓர் அடிக்கு மேல் தள்ளியிருந்தது. லொறியின் காப்புறுதி நிறுவனம் பிற்பாடு, "வாகனம் வெளிச்சமின்றி வீதியில் நிறுத்தப்பட்டிருந்தது" என்று எழுதியபோது, பதிலுக்கு அந்த ஒரு படத்தைத்தான் அனுப்பினோம். அதன் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. எதிரே இருந்த கடையின் சீசீரீவி பதிவையும் அன்றைக்கே பென் டிரைவில் வாங்கிவிட்டோம். அந்தக் கமராக்கள் சில நாளில் பழைய பதிவை அழித்துக்கொண்டு போகும். ஒரு கிழமை கழித்துக் கேட்டால் கிடைக்காது.

பொலிஸ் நிலையத்தில் ஒரு கையெழுத்து

லொறிச் சொந்தக்காரர் நல்ல மனிதர். காலையிலேயே வந்து சேர்ந்தார். பொலிஸ் நிலையத்து முற்றத்தில் வைத்து அத்தானிடம் சொன்னார்: "சேர், பொலிசிலயே முடிச்சிருவம். கேஸெண்டு போனா எனக்கும் அலைச்சல், உங்களுக்கும் அலைச்சல். ஒரு இலட்சம் தாறன், ஒரு கையெழுத்து வெச்சுத் தாங்க."

அத்தானுக்கு மனம் இளகிவிட்டது. "பாவம் மனிசன், என்ன செய்யிற தம்பி?" என்று என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். இது இரக்கமில்லாத பேச்சல்ல. காரணம் இருக்கிறது.

ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கும்போது உங்கள் நிறுவனம் முதலில் உங்களுக்குப் பணம் தந்துவிட்டு, பிறகு பிழை செய்த தரப்பிடமிருந்து அதை அறவிடும். அப்படி அறவிட அது உங்கள் இடத்தில் நின்றுகொள்கிறது. நீங்கள் முன்கூட்டியே "இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால், நிறுவனம் நிற்க வேண்டிய இடத்தை நீங்களே இல்லாமல் செய்கிறீர்கள். அதைக் காட்டி உங்கள் கிளெய்மையே மறுக்க அதற்கு இடமுண்டு. ஒரு இலட்சத்துக்காக முப்பது இலட்சம் போய்விடும். பம்பர் நெளிந்த விஷயத்துக்குப் பொலிசில் சமாதானமாகப் போவது சரி. சட்டகம் வளைந்த காருக்குச் சரிவராது. இதை லொறிக்காரரிடமே விளக்கினேன். அவருடைய லொறிக்கும் ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தது. தன் நிறுவனத்துக்கு அறிவிக்காமல் தானாகப் பணம் கொடுத்து ஒத்துக்கொண்டால் அவருக்கும் அதே சிக்கல் வரும் என்று சொன்னதும் அவரும் விட்டுவிட்டார். முறைப்பாடு பதிவானது. சாரதி பின்னர் மட்டக்களப்பு நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டப்பணம் கட்டினார்.

ஏன் லொறியின் நிறுவனத்திடமே நேரே போகவில்லை என்று பலர் கேட்டார்கள். 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி எல்லா வாகனத்துக்கும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம். ஆனால் பிறருடைய சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்குப் பொலிசியில் ஓர் உச்ச வரம்பு எழுதியிருப்பார்கள். போதாததற்கு, நீதிமன்றத்தில் முடிவு வரும்வரை அந்த நிறுவனம் அசையாது. அந்தப் பொலிசியில் நாங்கள் வாடிக்கையாளரும் அல்ல. சொந்தப் பொலிசியில் போனால் கேள்வி கேட்க ஓர் ஒப்பந்தம் கையில் இருக்கிறது. ஆகவே காரின் விலைக்குச் சொந்த நிறுவனம். அது தராத சில்லறை நட்டங்களுக்கு லொறியின் நிறுவனம் என்று பிரித்துக்கொண்டோம்.

கிளெய்ம் படிவத்தில் ஒரு சின்ன இடம். "விபத்தின்போது ஓட்டியவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. கிளையிலிருந்த பிள்ளை அத்தானின் பெயரையும் சாரதி அனுமதிப்பத்திர இலக்கத்தையும் அதில் எழுதச் சொன்னார். எழுதவில்லை. "நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, யாரும் ஓட்டவில்லை" என்று எழுதி, கடைசியாக எத்தனை மணிக்கு யார் கொண்டுவந்து நிறுத்தினார் என்பதைக் கீழே தனியாகக் குறித்தோம். படிவமும் பொலிஸ் முறைப்பாடும் ஒன்றையே சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தில் முரண் வந்தால் கோப்பு கொழும்பில் தூங்கும்.

விலை

கராஜில் எஸ்டிமேட் 21 இலட்சத்தைத் தாண்டியது. பின் சட்டகம் வளைந்து, கூரை மடிந்து, கம்பத்தில் சாத்துண்ட முன்பக்கத்தில் ரேடியேட்டரும் எஞ்சின் தாங்கியும் உடைந்திருந்தன. திருத்துவது கட்டுபடியாகாது என்று நிறுவனம் டோட்டல் லொஸ், அதாவது முழு நட்டம், போட்டது. இதில் எங்களுக்கு மறுப்பில்லை.

ஜூலையில் தொலைபேசி வந்தது. சந்தை விலை 25 இலட்சம். எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 25,000 போக 24 இலட்சத்து 75 ஆயிரம். அத்தான் அதிர்ந்துபோனார். "34 இலட்சத்துக்கெண்டுதானே காசு கட்டினன்?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் பொலிசி அப்படி எழுதப்படவில்லை. பெரும்பாலான வாகனப் பொலிசிகளில் இருப்பது, காப்புறுதித் தொகை, அடிபட்ட நாளின் சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அது. அதாவது 34 இலட்சம் என்பது உச்ச வரம்பு மட்டுமே. அதைக் கூட்டிப் போட்டால் கட்டுப்பணம் (பிரீமியம்) கூடும், நட்டஈடு கூடாது. குறைத்துப் போட்டால் சந்தை விலை எவ்வளவு ஏறினாலும் போட்ட தொகைக்கு மேல் கிடைக்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பாவித்த கார்களின் விலை ஏறிக்கொண்டே போனபோது, பழைய தொகையிலேயே பொலிசியைப் புதுப்பித்த பலர் இந்த இரண்டாவது பொறியில் விழுந்தார்கள். புதுப்பிக்கும்போது அன்றைய சந்தை விலையைக் கேட்டுப் பார்த்துத் தொகை போடுவது முகவருடைய வேலை அல்ல, நம்முடைய வேலை.

ஆகவே 34 இலட்சத்தை நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாதம் முதல் கடிதத்திலேயே தோற்றிருக்கும். கேட்டது, 25 இலட்சம் எப்படி வந்தது என்று.

கிளையில் பதில் சுருக்கமாக வந்தது: "அண்ணன், இது எங்கட எஞ்சினியர் போட்ட விலை. இதக் கிளையில மாத்தேலாது." மாற்றச் சொல்லவில்லை, காரைப் பார்த்து விலை மதிப்பிட்ட அசெஸரின் அறிக்கையின் பிரதியைத் தாருங்கள், எந்தெந்த வாகனங்களோடு ஒப்பிட்டு இந்த விலை வந்தது என்று எழுத்தில் தாருங்கள் என்று கேட்டோம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் தலைமை அலுவலகத்துக்கும் பிரதியைக் கிளைக்கும் அனுப்பினோம். தொலைபேசிப் பேச்சு எதையும் கணக்கில் எடுப்பதில்லை என்று முடிவெடுத்து, யாராவது அழைத்தால் "சரி, இதையே ஒரு மின்னஞ்சலாகப் போட்டுவிடுங்கோ" என்று மட்டும் அத்தான் சொல்லுவார்.

அறிக்கை வந்தது. இரண்டாம் பக்கத்தில், ஓடிய தூரம் 1,16,000 கிலோமீற்றர் என்று இருந்தது. அத்தானின் கார் 62,000கூட ஓடவில்லை. வீட்டிலிருந்து பாடசாலை, பாடசாலையிலிருந்து வீடு. திருவிழாக் காலத்தில் மாமாங்கம், வருடத்துக்கு ஒருமுறை திருகோணமலை. அவ்வளவுதான் அந்தக் காரின் ஓட்டம். அசெஸர் பார்க்க வந்தபோது பற்றரி கழன்று கிடந்திருக்கிறது, மீற்றர் எரியவில்லை. பத்து வருடக் காருக்கு இவ்வளவு ஓடியிருக்கும் என்று உத்தேசமாகப் போட்டிருக்கிறார். ஆனால் முன்கண்ணாடியின் மூலையில் சேர்விஸ் நிலையத்தின் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது: அடுத்த ஒயில் மாற்றம் 63,500. அதன் கிட்டப் படமும், சேர்விஸ் பற்றுச்சீட்டுகளும், கராஜில் வேறு பற்றரி கொடுத்து மீற்றரை எரிய வைத்து எடுத்த படமும் அனுப்பினோம். அறிக்கையைக் கேட்டு வாங்கியிராவிட்டால் அந்த 1,16,000 எங்கள் கண்ணில் பட்டிருக்கவே படாது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டாவது காரணமாக அவர்கள் எழுதியது, "2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதால் பாவித்த வாகனங்களின் விலை வீழ்ந்துள்ளது" என்பது. கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் இந்தக் காருக்குப் பொருந்தாது. திறக்கப்பட்ட இறக்குமதியில் பாவித்த கார் என்றால் மூன்று வருடத்துக்கு உட்பட்டதுதான் வரலாம். 2015 அல்டோ எந்தக் கப்பலிலும் வராது. புதிதாகவும் வராது; மாருதி அல்டோ 800இன் உற்பத்தியையே 2023இல் நிறுத்திவிட்டது. வேறு சின்னக் கார் இறக்கலாம் என்றால் சுங்கத் தீர்வை, கலால் வரி, அதற்கு மேல் 18 வீத வற் வரி என்று ஏறி, அல்டோ வைத்திருந்தவர் நினைத்துப் பார்க்க முடியாத விலையில் நிற்கும். அத்தான் இழந்த காருக்குப் பதில் அதேபோல் ஒன்றை வாங்க வேண்டுமானால், இந்த நாட்டுக்குள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் அல்டோக்களில் ஒன்றைத்தான் வாங்க வேண்டும். அந்தச் சந்தையின் விலைதான் சந்தை விலை.

அந்த விலையைக் காட்ட வேண்டியது எங்கள் பொறுப்பு. இணைய விளம்பரங்களை மட்டும் அனுப்பினால் "அது கேட்கிற விலை, விற்ற விலை அல்ல" என்று தள்ளிவிடுவார்கள். அந்தப் பதிலிலும் நியாயமுண்டு. அதனால் விளம்பரங்களோடு, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பாவித்த கார் விற்கும் கார் சேல்களில் அவர்களுடைய கடிதத் தலைப்பில் எழுதி வாங்கினோம்: 2015 அல்டோ 800, ஏறக்குறைய 60,000 கிலோமீற்றர், விபத்துப்படாதது, இன்றைக்கு என்ன விலைக்கு விற்போம் என்று. எழுதித் தர எல்லாரும் சம்மதிக்கவில்லை. தந்தவர்களுக்கு அத்தான் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எல்லாவற்றையும்விட வேலை செய்தது லீசிங் கோப்பில் இருந்த மதிப்பீட்டு அறிக்கை. லீசிங் கொடுக்க முதல் நிறுவனம் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பிக் காரைப் பார்க்க வைக்கும். 2023இல் அவர் இந்தக் காருக்கு 31 இலட்சம் போட்டிருந்தார், உடலிலும் எஞ்சினிலும் குறையில்லை என்று குறிப்போடு. லீசிங் மதிப்பீட்டாளர் விலையைக் கூட்டிப் போட மாட்டார்; கடன் கொடுத்தவரின் பாதுகாப்புக்காகக் கையை இறுக்கித்தான் போடுவார். பாவித்த காரை லீசிங்கில் எடுத்த பெரும்பாலானோருடைய கோப்பில் இப்படி ஓர் அறிக்கை இருக்கும். கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று பலருக்குத் தெரிவதில்லை.

இவற்றோடு 31 இலட்சம் கேட்டு எழுதினோம். கடைசிப் பந்தியில், நியாயமான காலத்துக்குள் காரணத்தோடு பதில் வராவிட்டால் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கும் கோப்பை அனுப்புவோம் என்று மரியாதையாகக் குறிப்பிட்டோம். ஆணைக்குழு 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவனங்களை மேற்பார்வை செய்வது. ஒம்புட்ஸ்மன், வாடிக்கையாளரின் முறைப்பாட்டை விசாரிக்கும் தனி அலுவலகம். வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. நிறுவனத்துக்கு முதலில் எழுதி, அதன் முடிவைப் பெற்ற பிறகுதான் அங்கே போகலாம். அதனால்தான் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தோம்.

போக வேண்டி வரவில்லை. முதலில் 28 இலட்சம் என்று வந்தது, கூடவே ஒரு டிஸ்சார்ஜ் வவுச்சரும். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். கையெழுத்துப் போட்டால் இந்த விபத்துத் தொடர்பாக நிறுவனத்திடம் இனி எதுவும் கேட்க முடியாது என்று அர்த்தம். அத்தான் கையெழுத்துப் போடவில்லை. அன்றிரவு அக்கா, "பிள்ளைகளை ஓட்டோவில அனுப்பி எவ்வளவு காலத்துக்குச் சமாளிக்கிற? குடுக்கிறத வாங்குவம்" என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை. இழுபடும் ஒவ்வொரு மாதமும் நட்டம் நிறுவனத்துக்கு அல்ல, வீட்டுக்குத்தான். ஓடாத காருக்கு லீசிங் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள். விவாதமில்லாத தொகையையாவது முன்கூட்டித் தாருங்கள், லீசிங்கை அடைக்கிறோம் என்று கேட்டதையும் நிறுவனம் ஏற்கவில்லை. இருந்தும் அத்தான், கிலோமீற்றர் பிழையைத் திருத்திய பிறகு விலை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று இன்னொரு கடிதம் எழுதச் சொன்னார். செப்டெம்பர் நடுவில் 30 இலட்சத்து 50 ஆயிரம் என்று பதில் வந்தது. அதை ஏற்றுக்கொண்டோம்.

காசு போன வழி

எக்ஸஸ் போக 30 இலட்சத்து 25 ஆயிரம். சீ.ஆர். புத்தகத்தில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், முழு உரிமையாளர் லீசிங் நிறுவனம் என்பதால் காசோலை முதலில் அவர்களுக்குத்தான். அன்றைய தேதிக்கு அடைக்க வேண்டிய தொகையை எழுத்தில் எடுத்து வைத்திருந்தோம்: 10 இலட்சத்து 65 ஆயிரம். அத்தானின் கைக்கு வந்தது 19 இலட்சத்து 60 ஆயிரம். முதல் விலைக்கே ஒத்துக்கொண்டிருந்தால் இதே லீசிங் தொகை போக 14 இலட்சத்து 10 ஆயிரம்தான் மிஞ்சியிருக்கும்.

உடைந்த காரை நாமே வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு தெரிவு தந்தார்கள். அப்படியானால் 9 இலட்சம் கழிப்பார்களாம். உதிரிப்பாகத்துக்கு வாங்குபவர்களிடம் விசாரித்ததில் 8 இலட்சத்துக்கு மேல் யாரும் ஏறவில்லை. காரை நிறுவனத்திடமே விட்டோம். உரிமை மாற்றப் படிவங்களில் வாங்குபவரின் பெயரும் தேதியும் வெறுமையாக இருந்தன. ஓபன் பேப்பரில் கையெழுத்துப் போட அத்தான் மறுத்து, விவரத்தை நிரப்பிய பிறகே போட்டு, பிரதி எடுத்து வைத்தார். அந்த இலக்கத் தகட்டோடு எங்காவது ஒரு வாகனம் ஓடி எதிலாவது மாட்டினால் பொலிஸ் தேடி வருவது கல்லடிக்குத்தான்.

இடையில் ஒரு விஷயம். இதே கார் மின்கம்பத்துக்குப் பதிலாக மாரி வெள்ளத்தில் நின்று கெட்டிருந்தால் கதை வேறு. 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த மாவட்டம் இது. ஆனாலும் வெள்ளம், புயல் போன்றவை பல பொலிசிகளில் தனியாகச் சேர்க்க வேண்டியவை. அத்தானின் பொலிசியில் அது இருக்கவில்லை என்பதை இந்தக் கோப்புக்காகப் பொலிசியோடு வரும் அட்டவணையைப் புரட்டும்போதுதான் கண்டோம். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ கார் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் கார்த்திகை பிறக்க முதல் அந்த அட்டவணையை எடுத்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பாக்கி இருப்பது லொறியின் நிறுவனத்திடம் கேட்டிருக்கும் தொகை: எக்ஸஸ் 25,000, இந்த மாதங்களில் வாடகை வாகனத்துக்குப் போன செலவு, கராஜில் காரை வைத்திருந்ததற்கான வாடகை. பிழை செய்த தரப்பிடம் இப்படி நட்டஈடு கேட்டு வழக்குப் போட இரண்டு வருடம்தான் காலம். 2027 ஜூனுக்கு முன் முடியாவிட்டால் நீதிமன்றம் போக வேண்டும். அடுத்தது நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்காகக் கட்டுப்பணத்தில் தரும் கழிவு. பிழை நம்முடையது அல்ல என்றாலும் கிளெய்ம் எடுத்தால் அது வெட்டுப்படும். லொறியின் நிறுவனத்திடமிருந்து முழுத் தொகையும் அறவிடப்பட்டால் அதைத் திருப்பித் தரும்படி அத்தான் தன் நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறார். லொறியின் நிறுவனம் கடைசியாகக் கேட்டது நீதவான் நீதிமன்றத் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியை. விண்ணப்பித்து எடுத்து, அதையும் பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது.